பெரியத்தான் முகம்

பொன்னுலிங்கம் தூங்காமல் போனதில்தான் எல்லாக் கூத்தும் ஆரம்பித்தது.

தூங்க மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. படுத்தார், கண்ணை மூடினார், தலையில் நாங்கள் மாட்டிவிட்ட தொப்பியோடு கட்டிலின் ஓரத்தில், பஸ்ஸில் பாதி சீட் கிடைத்தவர் மாதிரி ஒடுங்கிக் கிடந்தார். ஆனால் திரையில் ஓடிய கோடு மட்டும், இந்த மனிதர் தூங்கவில்லை, தூங்கப்போவதும் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தது. எங்களுக்கு வேண்டியது அவருடைய தூக்கம். சரியாகச் சொன்னால், அவருடைய கனவு.

"லோடு ஆட்டோ ஓட்டுறவருக்கா தூக்கம் வரல? சிக்னல்ல நிக்கும்போதே தூங்குறவங்கள நான் பாத்திருக்கேன்" என்றேன்.

"எனக்கு கரண்டுன்னா ஆகாது டாக்டரம்மா. இந்தத் தொப்பியக் கழட்டிருங்க. வேற யாரையாவது வச்சுப் பாருங்க."

அடுத்த கட்டிலில் கண்ணில் கட்டோடு படுத்திருந்த அவருடைய மனைவி சுயம்புக்கனி சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"விடுங்க டாக்டரம்மா. அவியளுக்கு என் மேல எப்ப அக்கற இருந்துச்சு, இப்ப வாரதுக்கு?"

பொன்னுலிங்கம் தொப்பியைக் கழற்றிக் கட்டிலில் வைத்துவிட்டு, காப்பி வாங்கி வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு மனுஷி பார்வை போகுமா நிற்குமா என்று கிடக்கிறாள், இவருக்குக் கரண்டு பயம்.

திருநெல்வேலியில் ஆற்றங்கரையை ஒட்டி இருந்தது எங்கள் கண் ஆஸ்பத்திரி. மாடியில் மூலை அறைக்கு ஆராய்ச்சிப் பிரிவு என்று பலகை மாட்டியிருந்தோம். நர்ஸுகள் அதைக் கனவு வார்டு என்றுதான் சொன்னார்கள். இரவில் எந்த ஆஸ்பத்திரியும் தூங்குவதில்லை என்பதால், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பச்சைத் திரைகளை இழுத்துவிட்டு எங்கள் வேலையை ஆரம்பிப்போம். வெளியே வயலில் வெயில் காயும். உள்ளே தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போன்ற ஒரு பச்சை வெளிச்சம். மின்விசிறி சத்தத்தில் எனக்கே கண் சொக்கும்.

சுயம்புக்கனியை வார்டு முழுக்கச் சுயம்பக்கா என்று கூப்பிட்டோம். சாத்தான்குளம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தையல் வேலை. இடது கண் சின்ன வயதிலேயே அம்மையில் போய்விட்டது. மிச்சம் இருந்தது வலது கண் ஒன்றுதான். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு ஊருக்கே ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஜீன்ஸ் பேன்ட்டின் மடிப்பில் மிஷின் ஊசி ஏறாமல் ஒடிந்து, ஒடிந்த துண்டு நேரே அந்தக் கண்ணில் பாய்ந்தது.

அந்த வீட்டில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி இருந்தாள். பொன்னுலிங்கத்தின் தம்பி மனைவி அனுசியா. கண்ணில் என்ன விழுந்தாலும் தாய்ப்பால் விட்டால் குளிர்ந்துபோகும் என்பது அந்தப் பக்கத்து வைத்தியம். அனுசியா பாலாடையில் பாலைப் பீய்ச்சிக் கொடுத்தாள், மாமியார் விட்டார், குளிர்ச்சியாக இருக்கிறது என்று சுயம்பக்காவும் படுத்துவிட்டாள். வெளியூருக்கு லோடு ஏற்றிப் போயிருந்த பொன்னுலிங்கம் திரும்பி வந்து பார்த்ததும், அதே லோடு ஆட்டோவில் படுக்க வைத்து இங்கே கொண்டு வந்தார். அதற்குள் சீழ் பிடித்துவிட்டது.

அவசரப் பிரிவில் அன்றைக்கு நான்தான் இருந்தேன். பால் என்று கேட்டதும் வார்டு அதிரக் கத்தினேன். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற அனுசியா சுவரோரம் ஒதுங்கினாள். அன்பாகக் கொடுத்தது அப்படி ஆகிவிட்டது, பாவம்.

அறுவை சிகிச்சை செய்தவர் எங்கள் தலைமை மருத்துவர் நவநீதன். சாந்தமான மனிதர். எதையும் படம் வரைந்து விளக்காமல் பேசியே புரியவைப்பார். குடும்பத்தையே உட்காரவைத்துச் சொன்னார்.

"ஊசிய எடுத்தாச்சு. சீழையும் கழுவியாச்சு. கண்ணுக்குள்ள ஒரு ஜெல் வச்சிருக்கோம். தளிர்னு பேரு. கிழிஞ்சுபோன விழித்திரை அதைப் பிடிச்சுக்கிட்டு மறுபடி வளர்ந்துரும். அதுல எனக்குச் சந்தேகம் இல்ல."

"அப்பறம் என்ன சார்?" என்றார் பொன்னுலிங்கம்.

"அது வளர்றதுக்குள்ள மூளை பாக்குறத மறந்துருது. தண்ணி வராத வாய்க்கால் என்ன ஆகும்?"

"செடி மொளச்சுத் தூந்து போவும்."

"அதேதான். கண்ணு சரியாகித் தண்ணி திறக்கும்போது வாய்க்கால் இருக்காது. முன்னாடி இந்த ஜெல் வச்சவங்களுக்குக் கண்ணு பிழைச்சுது, பார்வை பிழைக்கல. அதனால இப்ப கூடவே இன்னொரு மருந்தும் கொடுக்குறோம். மூளைல பார்வைக்குன்னு இருக்குற இடத்த அது இளக்கி வைக்கும். அந்த இளகின இடத்துல கட்டு அவுக்குற வரைக்கும் யாராவது தண்ணி பாய்ச்சிக்கிட்டே இருக்கணும்."

"எந்தத் தண்ணி?"

"பக்கத்துல படுக்குறவங்களோட கனவு. ரெண்டு பேர் தலைலயும் மாட்டுற தொப்பி அதக் கொண்டுபோய்ச் சேர்க்கும். முழிச்சிருக்கும்போது அடுத்த ஆள் பாக்குறத மூளை உள்ள விடாது, சண்டை போடும். தூங்கும்போது கதவு திறந்து கிடக்கும்."

ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு ஒருவர் வராமல் நம் ஊரில் யாரும் படுப்பதில்லை. அந்தத் துணையையே வைத்தியத்தில் சேர்த்துக்கொள்வது நவநீதன் சாரின் யோசனை. ஆனால் பொன்னுலிங்கம் தூங்கவில்லை. மாமியாருக்குத் தூக்கமே கோழித் தூக்கம். கடைசியில் வாசலில் நின்றிருந்த அனுசியா வாயைத் திறந்தாள்.

"நான் படுக்கேன்."

"கைப்பிள்ளைய வச்சுக்கிட்டா?" என்றேன்.

"பிள்ள பெத்ததுல இருந்து நான் ஒழுங்கா தூங்குனதே இல்ல டாக்டரம்மா. தலகாணிய மட்டும் காட்டுங்க."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தொப்பியின் வாரை நான் இழுத்துக் கட்டி முடிப்பதற்குள் தூங்கிவிட்டாள். பாப்பா அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு தூங்கியது. அதுவரை நான் திரையில் அப்படி ஒரு கோட்டைப் பார்த்ததில்லை. அணை திறந்தது மாதிரி பாய்ந்தது கனவு.

சாயங்காலம் காப்பி நேரத்தில் சுயம்பக்காவிடம் என்ன பார்த்தாள் என்று கேட்டுப் பதிவு செய்வது என் வேலை. நான் செய்த வேலைகளிலேயே இன்பமான வேலை அதுதான். ரயில்வே ஸ்டேஷன் முழுக்கத் தண்ணீர், அதில் குடைகள் மீன் மாதிரி நீந்திப் போகின்றன. புளியமரத்தில் இலைக்குப் பதிலாகக் குழந்தைச் சட்டைகள், காற்று அடித்தால் எல்லாம் கை அசைக்கின்றன. கடற்கரை மணலில் வரிசையாகக் கல்லூரி பெஞ்சுகள், ஒவ்வொரு அலைக்கும் கேள்வித்தாள் ஒன்று வந்து ஒதுங்குகிறது. இருட்டில் கிடந்தவள் இதையெல்லாம் சொல்லும்போது குரல் மெதுவாகிவிடும். கட்டுக்குள்ளே அவள் இன்னும் அங்கேயே நடந்துகொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றும்.

ஒருநாள் கோபமாக இருந்தாள்.

"இன்னைக்கு ஒரு பொம்பள வந்தா. கைல இம்மாம் பெரிய கத்திரிக்கோல். குழம்புல உப்பு கூடிப்போச்சுன்னு வானம் வரைக்கும் நின்னுக்கிட்டு ஏசுதா. யப்பா, என்ன வாய்! அப்பறம் பாத்தா, அது நான்."

அடுத்த கட்டிலில் அனுசியா போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். பிறகு சுயம்பக்காவே கேட்டாள்.

"ஏளா, அந்தப் பரிட்ச கனவு அடிக்கடி வருதே. நீ காலேஜ் முடிக்கலையா?"

"கடேசி வருசத்துல கல்யாணம் பண்ணிட்டாவல்லா அக்கா."

"எழுதி முடி. பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்."

ஒரே வீட்டில் சில வருஷங்கள் ஒன்றாகக் குடியிருந்தும் இவர்கள் இதைப் பேசியதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அன்றைக்குப் பாப்பாவுக்குத் துணி மாற்றும்போது அனுசியா என்னிடம் தனியாகச் சொன்னது வேறு.

"எங்க வீட்டுல கதவச் சாத்திட்டு இருக்க ஒரு ரூம் கெடையாது டாக்டரம்மா. எங்க வீட்டுக்காரவிய திருப்பூர்ல இருக்காவ. தூங்கும்போது மட்டுந்தான் நான் எனக்குன்னு இருந்தேன். இப்ப அதுக்குள்ளயும் அக்கா வந்துட்டாவ."

"வேண்டாம்னா நிறுத்திரலாம். எப்ப வேணும்னாலும் நிறுத்த உனக்கு உரிமை இருக்கு. யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

அவள் என்னைப் பார்த்த பார்வையில், படித்த பிள்ளைக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று இருந்தது. "அக்காவுக்கு ஒரு கண்ணுதான" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துத் தானே மாட்டிக்கொண்டாள்.

கட்டு அவிழ்த்த நாளன்று எல்லாரும் கூடிவிட்டோம். பொன்னுலிங்கம் முகம் மழித்து, புதுச்சட்டை போட்டு, கட்டிலுக்கு நேர் எதிரே வந்து நின்றார். நவநீதன் சார் கடைசிப் பஞ்சை எடுத்தார். சுயம்பக்கா இமையைப் பிரித்தாள். கண் கூசிற்று. தண்ணீர் வழிந்தது. துடைத்துவிட்டு முதலில் என்னைப் பார்த்தாள்.

"நீங்கதான் கத்துன டாக்டரம்மாவா? குரலுக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லையே!"

நர்ஸுகள் கை தட்டினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏன் மறைக்க வேண்டும். அனுசியாவைப் பார்த்தாள், பாப்பாவைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே கொக்கு உட்கார்ந்திருப்பதைச் சொன்னாள்.

"அவிய எங்க? வரலையா?"

"இந்தா நிக்கேனே" என்றார் பொன்னுலிங்கம்.

குரல் வந்த பக்கம் திரும்பினாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கை மெதுவாக எழுந்து காற்றில் எதையோ துடைப்பது மாதிரி அசைந்தது.

"சட்ட தெரியுது. கழுத்து தெரியுது. அதுக்கு மேல ஒண்ணும் இல்லையே. தொடச்ச சிலேட்டு மாதிரி இருக்கு. ஏங்க, உங்க மூஞ்சி எங்க?"

பொன்னுலிங்கம் தன் கன்னத்தைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டார்.

எழுத்துப் பலகை, நிறப் பலகை, கண் நரம்பு எல்லாவற்றையும் சோதித்தோம். கண்ணில் ஒரு குறையும் இல்லை. கல்யாணப் போட்டோவைக் கொண்டுவரச் சொன்னோம். அதிலும் மாப்பிள்ளைக்கு மாலை இருந்தது, தலை இல்லை என்றாள். நான் போய் அனுசியா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கனவுல அக்கா வீட்டுக்காரர் வருவாரா?"

"வருவாவ. வெள்ள வேட்டி, செருப்பு, இருமல்."

"மூஞ்சி?"

"நான் பெரியத்தான நிமிந்து பாத்ததே கெடையாது டாக்டரம்மா. கல்யாணம் ஆகி வந்த அன்னைக்கே அத்த சொல்லிட்டாவ. பெரியத்தான் வந்தா எந்திரிச்சு உள்ள போயிரணும், எதுக்க நிக்கக் கூடாது, மொகம் பாத்துப் பேசக் கூடாதுன்னு. அவிய எப்படி இருப்பாவன்னே எனக்குத் தெரியாது."

எனக்கு யாரை அடிப்பது என்று தெரியவில்லை. ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவில் அவளிடம் கேட்காத கேள்வி இல்லை. சர்க்கரை உண்டா, வலிப்பு உண்டா, பேய்க்கனவு வருமா, யாராவது கட்டாயப்படுத்தினார்களா. இந்த வீட்டில் நீ யாரைப் பார்க்கக் கூடாது என்று ஒரு மேதாவிகூடக் கேட்கவில்லை. நான் உட்பட.

நவநீதன் சார் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

"உன் முகம் அவங்களுக்குப் புதுசு. அதனால புதுசாப் படிச்சுக்கிட்டாங்க. புருஷன் பழசு. அவரைத் தேடி மூளை பழைய இடத்துக்குத்தான் போகும். அந்த இடத்துல அனுசியாவோட வேட்டியும் செருப்பும் உக்காந்திருக்கு. முகத்த மறந்திருந்தா மறுபடி படிச்சிரலாம். முகமே இல்லன்னு படிச்சு வச்சிருக்காங்களே."

"மாத்த முடியாதா சார்?"

"மருந்தோட இளக்கம் இந்த வாரம் வரைக்கும் இருக்கும். அதுக்குள்ள அந்தப் பொண்ணு அவரப் பாத்து, அந்த முகம் அவ கனவுல வரணும். அப்புறம் இறுகிடும்."

சுயம்பக்காவிடம் ஒளிக்காமல் சொன்னோம். பார்வை வந்ததே போதும் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொல்லவில்லை. "நல்லதோ கெட்டதோ, அந்த மூஞ்சியோடதான் இம்புட்டு வருசம் கெடந்தேன். அது இல்லாம நான் எந்த வீட்டுக்குப் போவேன்?" என்று அழுதாள்.

மறுநாள் மத்தியானம் பொன்னுலிங்கத்தை நாற்காலியில் உட்காரவைத்தோம். எதிரே அனுசியா. கழுத்தை யாரோ கயிறு கட்டிக் கீழே இழுப்பது மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"பாரேம்ளா! நாந்தான சொல்லுதேன்" என்று சுயம்பக்கா கட்டிலிலிருந்து கத்தினாள்.

அனுசியா கண்ணை உயர்த்தினாள், தாழ்த்திவிட்டாள். அவரோ வியர்த்து வழிந்து மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைய கனவில் ஒரு மீசை மட்டும் வந்து போனதாகச் சுயம்பக்கா சொன்னாள். அதற்கடுத்த நாள் முகம் வந்தது, ஆனால் ஆதார் அட்டையில் இருப்பது மாதிரி விறைத்துக்கொண்டு, யாரோ ஆபீசர் மாதிரி. விழித்ததும் அதுவும் அழிந்துவிட்டது. சுயம்பக்கா வாயில் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. வாரம் முடியப்போகிறதே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

"டாக்டரம்மா, இப்படிப் பெஞ்சு போட்டு உக்கார வச்சா எனக்கும் பாக்க வரல, அவியளுக்கும் காட்ட வரல" என்றாள் அனுசியா. "அக்கா மொதல்ல தூங்கட்டும். நான் பாப்பாவுக்குப் பால் குடுத்துட்டுப் பெறவு படுக்கேன். அவிய வரட்டும். நான் இருக்கேன்னு சொல்லாதீங்க."

அப்படியே செய்தோம். சுயம்பக்கா பகல் தூக்கத்துக்கான கறுப்புத் துணியைக் கண்ணில் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டாள். அனுசியா பச்சைத் திரைக்குப் பின்னால் பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டாள். பொன்னுலிங்கம் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தார், கட்டிலின் கால்மாட்டில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் இருந்த இடத்திலிருந்து எனக்கு அவருடைய முதுகுதான் தெரிந்தது. திரையின் இடுக்கில் அனுசியாவின் முகம் தெரிந்தது. அவள் நிமிர்ந்தாள். முதலில் பயந்தாள். பிறகு பயம் போய்விட்டது. பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தையைக்கூட மறந்து, வாய் லேசாகத் திறந்து, அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரம் என்று நான் கவனிக்கவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அறை முழுக்கப் பச்சை வெளிச்சம் ததும்பிக்கொண்டிருந்தது.

அவர் எழுந்து போனதும் அவள் வந்து படுத்தாள். தொப்பியை மாட்டினேன். தூங்கிப்போனாள்.

சாயங்காலம் சுயம்பக்கா விழித்தாள். வழக்கமாகக் கட்டை அவிழ்ப்பதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிடுபவள், பேசாமல் கிடந்தாள். கறுப்புத் துணியின் ஓரம் நனைந்திருந்தது.

"வந்துச்சா?" என்றேன்.

"வந்துச்சு."

"அவங்கதானா?"

"அவியதான். ஆனா அப்படி ஒரு மூஞ்சி அவியகிட்ட உண்டுன்னு எனக்குத் தெரியாது டாக்டரம்மா." மூச்சு வாங்கிக்கொண்டாள். "யாரோ கட்டில்ல படுத்திருக்கா. அவளப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காவ. வாய் கோணிக்கிட்டுப் போவுது, கடிச்சு அடக்குதாவ, மறுபடியும் கோணுது. தொலஞ்சுபோன பிள்ளைய மாதிரி. யாரப் பாத்து இப்படி இருக்காவன்னு நானும் திரும்பிப் பாக்கேன். படுத்திருக்கது நான்."

அனுசியா எழுந்து உட்கார்ந்திருந்தாள். "தொப்பி மாட்டும்போது அவியளுக்குத் தூக்கம் வராததுக்குக் கரண்டு காரணம் இல்லக்கா" என்று மட்டும் சொன்னாள். அவருக்குக் கரண்டு பயம் என்று எரிச்சல்பட்ட நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

கறுப்புத் துணியை அவிழ்த்தேன். அந்த நேரம் பார்த்து பொன்னுலிங்கம் பிளாஸ்க்கும் டம்ளருமாக உள்ளே வந்தார். அனுசியா பழக்கத்தில் எழுந்தாள், எழுந்தவள் உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள். சுயம்பக்கா அவரைப் பார்த்தாள். நெற்றி, மூக்கு, நரைத்த மீசை, எல்லாவற்றையும் அளவெடுப்பது மாதிரி பார்த்தாள்.

"தெரியுதா?" என்றார். குரல் வழக்கம்போல முரட்டுக் குரல். முகமும் அப்படித்தான், கடையில் சில்லறை தராதவனைப் பார்ப்பது மாதிரி.

"தெரியுது. ஆனா இது நம்ம வீட்டுல இருக்க மூஞ்சில்லா. இன்னொண்ணு வச்சிருக்கீயளே, அத எடுங்க."

"எந்த இன்னொண்ணு? கோட்டி பிடிச்சுட்டா? காப்பி ஆறுது, குடி."

சொல்லிவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். சுயம்பக்கா கொஞ்ச நேரம் அந்த முதுகைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் தலையணையில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"நான் பாத்தா உங்களுக்கு அது வராது, என்ன? சரி, நான் கண்ண மூடிக்கிடுதேன். நீங்க பாருங்க."

அத்தனை பாடுபட்டுப் பிழைத்து வந்த அந்த ஒரே கண்ணை அவள் மூடிக்கொண்டாள். பொன்னுலிங்கம் டம்ளரை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு, மெதுவாகத் திரும்பினார்.